படகு ர

ஐந்து வயது பூம் நான்கு நாளாக வகுப்பில் வாயே திறக்கவில்லை.

காரணம் ஒரே ஓர் எழுத்து. அவர்கள் மொழியின் நாற்பத்து நான்கு எழுத்துகளையும் கோழி க, பாம்பு ங என்று பெயரோடுதான் சொல்ல வேண்டும். படகு ர வந்ததும் பூம், "படகு ல" என்றான். வகுப்பே சிரித்தது. தெங் என்ற பையன் "பால்குடி" என்று பட்டமே கட்டிவிட்டான்.

இன்று ஆசிரியர்களை வணங்கும் நாள். சின்ன வகுப்பின் சார்பில் எழுத்துகளைச் சொல்ல வேண்டியவன் பூம்.

"நான் வலமாட்டேன்" என்றான்.

நான்காம் வகுப்பு படிக்கும் அக்கா முக் வற்புறுத்தவில்லை. "சரி, சந்தை வரைக்கும் வா. டீச்சருக்குப் பூ வாங்கணும்."

பூக்கார அத்தை வெட்சிக் கொத்தையும் கத்தரிப் பூவையும் அருகம்புல்லோடு கட்டித் தந்தாள். "லட்டனா டீச்சருக்கா? நல்லா வேண்டிக்க."

டீச்சர் பெயர் ரட்டனா. பூம் நிமிர்ந்து பார்த்தான்.

பக்கத்தில் மீன்கார மாமா. "லட்டனா டீச்சர் வகுப்பாடா நீ?"

பூமால் பொறுக்க முடியவில்லை. "லட்டனா இல்ல மாமா. லட்டனா."

"அதைத்தானேடா நானும் சொன்னேன்."

"நீங்க லட்டனான்னு சொன்னீங்க. லட்டனான்னு சொல்லணும்."

முக் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "அவன் காது சரியாத்தான் இருக்கு மாமா. நாக்குதான் இன்னும் வரலை. உங்களுக்கு என்ன வந்துச்சு?"

மாமா தலையைச் சொறிந்தார். "சோம்பேறித்தனம்தான். சந்தையில எவன் நாக்கைச் சுழட்டிக்கிட்டு நிப்பான்?"

பெரியவர்கள் லட்சணம் அப்படி. பிள்ளை சொன்னால் மட்டும் குற்றம்.

முக் தம்பியின் முன் குந்தினாள். "மீசை வச்சவரே ல போடுறாரு. யாராச்சும் சிரிச்சாங்களா?"

"இல்ல."

"தெரியாதவன்தான் வெக்கப்படணும். உனக்குத்தான் தெரியுமே. அதையே அங்க சொல்லு."

பூம் பூங்கொத்தை அவளிடமிருந்து வாங்கிக்கொண்டான்.

பள்ளியில் மேடை ஏறினான். கோழி க, பாம்பு ங என்று கடகடவென்று சொன்னான். படகு வந்ததும் நின்றான். கீழே தெங் சிரிக்கத் தயாராக உட்கார்ந்திருந்தான்.

"படகு ல" என்றான் பூம். "அது தப்புன்னு எனக்குத் தெலியும். நாக்கு இன்னும் வலல. வந்ததும் சொல்லுவேன்."

தெங் சிரித்தான். கூடச் சிரிக்க ஆள் இல்லை. பாதியில் நிறுத்திக்கொண்டான்.

"காத்திருக்கேன், மேல சொல்லு" என்றார் ரட்டனா டீச்சர்.

அடுத்த எழுத்து குரங்கு ல. அதைப் பூம் சொன்ன சத்தத்தில் கொடிக்கம்பத்துப் புறாக்கள் பறந்தன. நாற்பத்து நான்காவது எழுத்து, ஆந்தை ஹ வரை அவன் எங்கும் நிற்கவில்லை.