அப்பாவின் பிடி

படுக்கை விரிப்பில் ஒரு கோடு விழுந்திருந்தது. சூடான உருளையிலிருந்து வழவழவென்றுதான் வெளியே வந்தது. அவள் உள்ளங்கையால் ஒரு தடவு தடவி மடிப்பதற்குள் நட்டநடுவே நகத்தால் கீறியதுபோல் மெல்லிய சுருக்கம். அடுத்த விரிப்பிலும் அதே கோடு. ஓட்டல்களுக்கும் மருத்துவமனைகளுக்கும் வெளுத்துத் தரும் அந்தச் சலவைக்கூடத்தில் பல வருடமாக அவளுக்கு இதுதான் வேலை. ஈரமா, சுருக்கமா என்று கண் பார்க்காது, கைதான் பார்க்கும். உருளையில் கோளாறு என்று சூப்பர்வைசரிடம் முறையிட்டாள். அவர் இயந்திரத்தை நிறுத்தித் துடைத்துத் தடவிப் பார்த்துவிட்டு, "மெஷின் நல்லாத்தாம்மா இருக்கு. உங்க கையைக் காட்டுங்க" என்றார்.

வலது உள்ளங்கையில், மோதிர விரலுக்குக் கீழே, பட்டாணி அளவுக்கு ஒரு முடிச்சு. சுற்றிலும் தோல் குழிந்திருந்தது. வலி இல்லை. சலவைச் சோடாவில் ஊறி ஊறிக் காய்த்துப் போயிருக்கும் என்று விட்டுவிட்டாள். வேலை முடிந்து வீடு திரும்பினால் அக்கடா என்று உட்காரக்கூட நேரமில்லாதவள், ஒரு முடிச்சுக்காகவா லீவு போடுவாள்?

மாதங்கள் போகப்போக முடிச்சிலிருந்து தோலுக்கடியில் கயிறு மாதிரி ஒன்று கிளம்பி மோதிர விரலையும் சுண்டு விரலையும் உள்ளே இழுத்தது. முகம் கழுவினால் விரல் மூக்கில் இடித்தது. கையுறை நுழையவில்லை. டாக்டர் மேசைமேல் கையைத் தட்டையாக வைக்கச் சொன்னார். வைத்தாள். உள்ளங்கைக்கும் மேசைக்கும் நடுவே வெளிச்சம் தெரிந்தது. குடும்பத்தில் யாருக்காவது உண்டா என்று கேட்டார். அப்பாவுக்கு என்றாள். பரம்பரையாக வருவதுதான், மெதுவாக மடங்கும், ரொம்ப மடங்கினால் ஆபரேஷன் செய்துகொள்ளலாம் என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

பஸ்ஸில் வரும்போது அப்பாவின் கை நினைவுக்கு வந்தது. பள்ளிக்கூடத்துக்கு அழைத்துப் போகையில் அந்த மடங்கிய விரல்களுக்குள் அவளுடைய விரலைக் கொக்கி போட்டு மாட்டிக்கொள்வார். கையை முன்னும் பின்னும் வீசி நடந்தபடி, "இந்தப் பிடியில இருந்தா நீ தொலைஞ்சே போகமாட்ட" என்று சிரிப்பார். எவ்வளவு நெளிந்தாலும் விரல் வராது. வலிக்கும். பாவம், அவருக்கு அது தெரியவே தெரியாது. கடைசி நாளிலும் அவள் விரல் அதற்குள்தான் இருந்தது. மூச்சு நின்றது, பிடி விடவில்லை. அண்ணன் சோப்புத் தண்ணீர் விட்டு உருவி எடுத்தான். எல்லாரும் அழுதுகொண்டிருந்தபோது அவளுக்கு மட்டும் அப்பாடா என்றிருந்தது.

வீடு வந்ததும் அண்ணனுக்குப் போன் போட்டு, அவன் விரல் ஏதும் மடங்குகிறதா என்று கேட்டாள்.

"எனக்கு ஒண்ணுமே இல்லையே" என்றான். "கடைசியில நீதானே அவர் கையைப் பிடிச்சிட்டு இருந்த."

அவன் சும்மா சொன்னதுதான். அவள் உள்ளங்கை முடிச்சைத் தடவிப் பார்த்துக்கொண்டாள்.

நீராவிக்கு மசியாத சுருக்கம் கிடையாது என்பது சலவைக்கூடத்தில் எல்லாருக்கும் ஊறிப்போன நினைப்பு. மறுநாள் மத்தியானம் மற்றவர்கள் சாப்பிடப் போனதும், கையில் ஈரத்துணியைச் சுற்றி, சட்டைக் காலர் அழுத்தும் பலகையில் வைத்து, சூட்டைக் குறைத்து மேல்பலகையை இறக்கினாள். புஸ்ஸென்ற நீராவி, ஈரப் பருத்தியின் வாடை, குழாயில் எங்கோ தண்ணீர் சொட்டும் சத்தம். விரல்கள் நீண்டன. பல்லைக் கடித்துக்கொண்டாள். நல்லவேளை, சரியாகிவிட்டது என்று நினைக்கும்போதே, தன் கைக்குள்ளிருந்து இன்னொரு கை நழுவுவதை உணர்ந்தாள். நழுவிய கை போய்விடவில்லை. முன்னைவிட இறுக்கிப் பிடித்துக்கொண்டது.

பலகையைத் தூக்கினாள். இரண்டு விரலும் சுருண்டு கிடந்தன. நடுவில் ஒரு சின்னப் பொந்து மிச்சமிருந்தது. ஒரு குழந்தையின் விரல் நுழையும் அளவு. அந்தப் பொந்துக்குள் கதகதப்பாக இருந்தது.

பலகைச் சூடு அது என்று மனசைத் தேற்றிக்கொண்டாள். ராத்திரியும் அது ஆறவில்லை. கை போனால் வேலை போகும், போகட்டும். மகளை நினைத்தால்தான் பயமாக இருந்தது. முதல் வகுப்புப் படிக்கிற பெண். தெருவில் நடக்கும்போதெல்லாம், "அந்தக் கை வேணாம், இந்தப் பக்கம் வாடி" என்று இடப்பக்கமாக இழுத்துக்கொண்டாள்.

எத்தனை நாளைக்குத்தான் காவல் காப்பது? ஒரு சாயங்காலம் வேலை விட்டு வந்தவள், செருப்பைக்கூடக் கழற்றாமல் சோபாவில் சாய்ந்தாள். வலது கையைத் தலையணைக்கு அடியில் செருகிக்கொண்டாள். உடம்பு அடித்துப் போட்டதுபோல் இருந்தது. கண் செருகியது.

விழித்தபோது ஜன்னலில் வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. கை தலையணைக்கு வெளியே தொங்கியது. பக்கத்தில் மகள்.

"அம்மா, விடும்மா. வலிக்குது."

பொந்துக்குள் மகளின் விரல்.

"ஏன்டி உள்ள விட்ட?"

"நீதானே கூப்பிட்ட. விரலை ஆட்டி ஆட்டிக் கூப்பிட்டியே."

"நான் கூப்பிடலடி. நான் பிடிக்கவும் இல்ல."

சமையலறைக் குழாய். சோப்பு. நுரை. இடது கையால் விரல்களை நெம்பினாள். இழுத்தாள். இரும்பு. மகள் வீரிட்டாள். விரல் நுனி நீலம் பாரித்தது.

அப்போது கை ஆடத் தொடங்கியது.

அவள் ஆட்டவில்லை. முன்னே ஒரு வீச்சு. பின்னே ஒரு வீச்சு. நிதானமாக, செல்லமாக. மகளின் அழுகை நின்றது. அவள் அம்மாவைப் பார்க்கவில்லை. அம்மாவின் தலைக்கும் மேலே, ஓர் ஆள் உயரத்துக்கு நிமிர்ந்து பார்த்தாள். பார்த்து, சிரித்தாள்.

பிறகு அந்த வீச்சுக்கு ஏற்றபடி, அம்மாவையும் இழுத்துக்கொண்டு, வாசலைப் பார்த்து நடந்தாள்.