ஓரத்தை அளந்த குருவிகள்

“ரெண்டு பேர் உக்கார்ற அந்தப் பழைய விமானத்தை எடுக்கணும் சார். நானே மேகத்துக்குள்ள ஓட்டிட்டுப் போறேன்,” என்றாள் ஒச்சம்மா.

வானிலை மைய இயக்குநர் குலோத்துங்கன் நிமிரவில்லை. மனிதர் மேகத்துக்குள் போவதைப் பற்றி வாயே திறக்கக்கூடாது என்று அவள் வேலைக்குச் சேர்ந்த அன்றே அவளிடம் சொல்லியிருந்தார். அதற்குத்தான் முகிற்குருவிகள் இருக்கின்றனவே. ஆளில்லாத அந்த விமானங்கள் வளரும் மேகத்துக்குள் புகுந்து, காற்று மேலேறும் வேகத்தை அளந்து அனுப்பும். வீட்டுக்கு வீடு மாட்டியிருக்கும் மழைச்சொல்லிப் பெட்டி அதைக் கணித்துச் சொல்லும். வானத்தை அண்ணாந்து பார்க்கும் பழக்கமே ஊரில் போய்விட்டது.

“குருவிதான் போகுதேம்மா.”

“போகல, ஒதுங்குது. பலமான காத்துல உடைஞ்சிடும்னு நாமதானே விலகுபொறி மாட்டினோம்? நடு மேகத்தை ஒரு குருவியும் பாத்ததில்ல. ஓரத்தை அளந்துட்டு வந்து தூறல்ங்குது.”

“கணிப்பு நூத்துக்குத் தொண்ணூத்தொம்போது சரியா வருது.”

“எதை வச்சுச் சரிபாக்குறீங்க? தரையில இருந்த மழைமானியையெல்லாம் வீண்செலவுன்னு பிடுங்கியாச்சு. பரீட்சை எழுதுறதும் குருவி, திருத்துறதும் குருவி. போன வருச வெள்ளத்துக்கு அணை மேல பழியப் போட்டீங்க.”



இந்த அறைக்கு வருவதற்குச் சற்று முன்புதான் ஒச்சம்மா அம்மாவைக் கைபேசியில் அழைத்திருந்தாள். ஓடைப்படுகையில் பெண்களோடு கடலை பிடுங்கிக்கொண்டிருந்தாள் அம்மா.

“எல்லாரையும் மேட்டுக்குக் கூட்டிட்டுப் போம்மா.”

“பெட்டி தூறல்னுதான தாயி சொல்லுது?”

“நான் சொல்றேன்ல!”

“நீ சொன்னா கூலிய விட்டுட்டு வருவாளுகளா? நீ அங்க வேலை பாக்குறேன்னுதான் இவளுக அந்தப் பெட்டியவே நம்புறாளுக.”

அம்மாவை ஓடையிலிருந்து கிளப்ப வேண்டுமென்றால் முதலில் பெட்டிக்குச் சொல்ல வேண்டும். அதை மேகத்தின் நடுவிலிருந்துதான் சொல்ல முடியும். அங்கிருந்து ஓர் அளவு வந்துவிட்டால் போதும், எல்லாப் பெட்டிகளும் தாமாகவே அலறும்.

“உங்க வீட்டுல நீதான் மொத பட்டதாரி,” என்றார் குலோத்துங்கன். “இந்த வேலை போச்சுன்னா என்ன செய்வே?”

“அதை நீங்க ஞாபகப்படுத்தாத நாள் உண்டா சார்?”

அவர் குரல் தாழ்ந்தது. “குருவி வர்றதுக்கு முன்னாடி, ஆளே பறந்த காலத்துலயும் யாரும் தனியா உள்ள போனதில்லம்மா. பக்கத்துல ஒருத்தர் இருப்பாங்க.”

“நீங்க வர்றீங்களா?”

அவர் திரையைப் பார்த்தார். அதில் மேற்கு வானம் தூறலைக் குறிக்கும் வெளிர்நீலத்தில் இருந்தது. அவருக்குப் பின்னால் ஜன்னல் முழுக்க மேகம் கறுத்து, மேலே மேலே ஏறிக்கொண்டிருந்தது. அவர் திரும்பவில்லை.

ஒச்சம்மா கதவைத் திறந்து ஓடுபாதையை நோக்கி நடந்தாள்.