ஓட்டிப் பார்க்காத நாலு கிலோமீட்டர்

பகல் பதினொன்றரை மணிக்கு அவள் காரை சர்வீஸ் சென்டரின் முற்றத்தில் கொண்டுவந்து நிறுத்தினாள். நிழல் இருந்த பக்கம் இடம் காலியாகத்தான் கிடந்தது. அவள் வெயிலில் நிறுத்தினாள்.

வண்டி எண்ணைக் குறித்துக்கொண்ட காவலாளி, "புது வண்டியாச்சே, அதுக்குள்ள சர்வீஸாம்மா?" என்று சிரித்தார். அவளும் சிரித்துவைத்தாள்.

புது வண்டிதான். பின் இருக்கையின் பிளாஸ்டிக் உறையை அக்கா இன்னும் கழற்றியிருக்கவில்லை. கழற்றுவதற்குள் செத்துப்போனாள்.

வரும் வழியெல்லாம் மீட்டருக்குப் பக்கத்தில் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டே வந்தது. உட்கார்ந்திருக்கும் ஆளின் உருவம், குறுக்கே ஒரு பட்டை. பின்னால் இருப்பவர் பெல்ட் போடவில்லை என்று அர்த்தம். பின்னால் யாரும் இல்லை. கைப்பையைக்கூட அவள் முன்னால்தான் வைத்திருந்தாள். பின்பக்கம் காட்டும் கண்ணாடியில் பார்த்துவிடலாம், ஆனால் பார்க்கவில்லை. பார்க்காமல் ஓட்டியதில்தான் கழுத்து வலித்தது.

அக்கா நூலகத்தில் வேலை பார்த்தவள். எதையும் எழுதி வைப்பாள். கார் வாங்கிய முதல் வாரமே எழுத ஆரம்பித்துவிட்டாள். திடீரென்று வண்டி நின்றுபோகிறது. கதவுகள் தாமாகப் பூட்டிக்கொள்கின்றன. கண்ணாடி இறங்குவதில்லை, ஹாரன் அடிப்பதில்லை. சில நிமிஷம் கழித்து ஒன்றுமே நடக்காததுபோல் எல்லாம் சரியாகிவிடுகிறது. ஐந்து முறை இங்கே கொண்டுவந்து விட்டாள். ஐந்து முறையும் நீல டை கட்டிய அதே சர்வீஸ் அட்வைசர், "ஓட்டிப் பார்க்கப்பட்டது. பழுது எதுவும் இல்லை" என்று ஜாப் கார்டில் எழுதிக் கொடுத்தான். அக்கா அவனுக்கு 'ஓகே' என்று பெயர் வைத்திருந்தாள். "இன்னைக்கும் ஓகே ஓகே சொல்லிட்டான்டி" என்பாள் தங்கையிடம்.

ஆறாவது முறை அது நடந்தது ஒரு விடுமுறை நாளில், நூலகத்துக்குப் பின்னால் இருந்த திறந்தவெளியில், உச்சி வெயிலில். அக்காவுக்கு மூச்சிரைப்பு உண்டு. மூன்று மணி நேரம் கழித்துத்தான் ஆட்கள் பார்த்தார்கள். அவள் பின் இருக்கையில் கிடந்தாள். போன் இருந்த பை பின்னால் இருந்ததால், இருக்கைகளுக்கு நடுவே ஊர்ந்து போயிருந்தாள். பத்து விரல் நகங்களில் ஏழு உடைந்திருந்தன.

விசாரணைக்காரர்கள் ஜாப் கார்டுகளைப் பார்த்தார்கள். 'பழுது எதுவும் இல்லை' என்று ஐந்து முறை எழுதியிருந்தது. 'பதற்றத்தில் கதவைத் திறக்கத் தெரியவில்லை' என்று எழுதிக் கோப்பை மூடினார்கள்.

திறக்கத் தெரியவில்லையாம்.

அந்த இரண்டு சொற்களை மென்றுகொண்டேதான் அவள் இத்தனை நாள் தூங்கி எழுந்தாள். மருந்துக்கடை கவுன்டரில் நின்று மாத்திரை எண்ணும்போதும் வாய்க்குள் அவைதான் இருந்தன.

உள்ளே ஏசி குளிர். புது ரப்பர் வாசனை. நீல டை எழுந்து நின்றான். அவளைவிடப் பத்து வயது சின்னவன். கட்டைவிரல் நகத்தைக் கடித்துக் கடித்து மொட்டையாக்கியிருந்தான்.

"வாங்க மேடம். என்ன பிராப்ளம்?"

வண்டி எண்ணைச் சொன்னாள். தட்டச்சு செய்த விரல்கள் பாதியில் நின்றன.

"இந்த வண்டி..."

"எங்க அக்காவோடது."

"சாரி மேடம். ஆனா அது எல்லாம் செக் பண்ணி குளோஸ் ஆயிடுச்சே."

"பின் சீட் பெல்ட் லைட்டு எரியுது."

"அதுவா? சென்சார் மேடம். சீட்ல ஏதாவது பை இருக்கும். எடுத்துட்டா ஓகே."

"பை இல்ல."

"வேற ஏதாவது இருக்கும் மேடம்."

"இருக்கும்," என்றாள் அவள்.

சுவரில் மணி பதினொன்று ஐம்பது. அவள் அவசரப்படவில்லை. ஐந்து ஜாப் கார்டுகளையும் மேஜைமேல் சீட்டு பிரிப்பதுபோல் வரிசையாக வைத்தாள். பக்கத்தில் அக்காவின் சின்ன நோட்டு.

"ஒரு வண்டிய ஓகேன்னு குடுக்கறதுக்கு முன்னாடி நாலு கிலோமீட்டர் ஓட்டிப் பாக்கணும், இல்லையா? வரும்போது மீட்டர் எவ்வளவு, போகும்போது எவ்வளவுன்னு எழுதணும்."

"ஆமா மேடம். எழுதியிருக்கே."

"எழுதியிருக்கு. வரும்போது ஆயிரத்து இருநூத்தி நாலு, போகும்போது ஆயிரத்து இருநூத்தி எட்டு. இப்ப நோட்டப் பாருங்க. வண்டிய விட்டப்பவும் ஆயிரத்து இருநூத்தி நாலு, திரும்ப எடுத்தப்பவும் அதே ஆயிரத்து இருநூத்தி நாலு. அஞ்சு தடவையும் இப்படித்தான். அந்த நாலு கிலோமீட்டர் எங்க போச்சு தம்பி?"

அவன் மேனேஜரின் கண்ணாடி அறையைத் திரும்பிப் பார்த்தான்.

"மெதுவா பேசுங்க மேடம். ஒரு நாளைக்கு நாப்பது வண்டி வருது. எல்லாத்தையும் ஓட்டிப் பாத்துட்டிருந்தா நான் வீட்டுக்குப் போக முடியாது."

"எங்க அக்காவும் போகல."

அவன் பேனாவை மூடினான். திறந்தான்.

"இப்ப என்ன மேடம் செய்யணும்?"

"ஓட்டிப் பாருங்க. பாத்துட்டு என்ன இருக்கோ அதை எழுதுங்க. எனக்கு அந்த ஒரு வரிதான் வேணும்."

அவன் சாவியை எடுத்துக்கொண்டான். இன்னொரு சாவி அவள் கைக்குள் இருந்தது. அது அவனுக்குத் தெரியாது. இன்னொன்றும் தெரியாது. அந்த ஐந்து முறையும் வண்டி வெயிலில் காய்ந்திருந்தபோது, பன்னிரண்டு மணியை ஒட்டித்தான் நடந்ததென்று அக்கா எழுதி வைத்திருந்தாள். 'எப்ப ஆகுது மேடம்?' என்று ஒரு தடவை கேட்டிருந்தால் அவனுக்கும் தெரிந்திருக்கும்.

சாப்பாட்டு நேரம். பணிமனை ஆட்கள் கலைந்திருந்தார்கள். ஏதோ ஒரு காற்றுக் குழாய் மட்டும் சீறிக்கொண்டிருந்தது. அவன் ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்தினான். வண்டி புதுக் கார்களின் வரிசையைத் தாண்டி, பின் மதில் பக்கம் வளைந்தது.

நின்றது.

டக்.

அந்தச் சத்தம் அவள் நின்ற இடம்வரை கேட்டது.

கைப்பிடியை இழுப்பது தெரிந்தது. இந்தப் பக்கக் கதவு, அந்தப் பக்கக் கதவு. உள்ளங்கையால் கண்ணாடியைத் தட்டினான். வாய் அசைந்தது, குரல் வரவில்லை. அவள் நிதானமாக நடந்து போனாள். கட்டைவிரலைச் சாவியின் பொத்தான்மேல் வைத்தாள். பிறகு எடுத்துவிட்டாள்.

'தட்டு. இன்னும் தட்டு. திறக்கத் தெரியலையா உனக்கு?'

தனக்குள் இப்படி ஒருத்தி இருப்பது அவளுக்கு அதிர்ச்சியாக இல்லை. தாகத்துக்குத் தண்ணீர் கிடைத்ததுபோல் இருந்தது.

திடீரென்று அவன் தட்டுவதை நிறுத்தினான்.

நேராக நிமிர்ந்து உட்கார்ந்தான். இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்தான். இடப்பக்கம் கொஞ்சம் திருப்பினான். வலப்பக்கம் கொஞ்சம் திருப்பினான். சாலையைப் பார்த்து ஓட்டுகிறவன்போல் கண்கள் தூரத்தில் நிலைத்திருந்தன.

வண்டி அசையவில்லை.

நடுநடுவே அவன் கண்ணாடியில் பின்னால் பார்த்தான். பார்த்த ஒவ்வொரு முறையும் முகம் இன்னும் கொஞ்சம் வெளிறியது.

அவள் பின் கண்ணாடியருகே குனிந்தாள்.

இருக்கையின் பிளாஸ்டிக் உறை ஓரிடத்தில் மட்டும் அழுந்தியிருந்தது.

அழுந்திய இடம் மெல்ல நகர்ந்து, அவள் பக்கம் வந்தது.

அப்போதுதான் அவள் யாரிடமும் சொல்லாதது தொண்டைவரை வந்தது. அன்றைக்கு அக்காவின் போனிலிருந்து ஓர் அழைப்பு போயிருந்தது. இவளுக்குத்தான். கவுன்டரில் ஏழெட்டுப் பேர் நின்றிருந்தார்கள். "அக்கா, மறுபடியும் கார் புராணமா? சாயங்காலம் பேசறேன்" என்று சொல்லி, மறுமுனையில் ஒரு சொல் வருவதற்குள் வைத்துவிட்டாள். அந்த அழைப்போடு சார்ஜ் தீர்ந்து அக்காவின் போன் அணைந்துபோனது. இந்தப் பையன் ஐந்து முறை ஓகே சொன்னான். இவள் ஒரு முறை சொன்னாள்.

பொத்தானை அழுத்தினாள். திறக்கவில்லை. மறுபடி அழுத்தினாள். சாவியைக் கதவில் செருகித் திருகினாள். அசையவில்லை.

"அக்கா, போதும்க்கா," என்று நகத்தால் கண்ணாடியில் தட்டினாள்.

உள்ளிருந்து, அதே இடத்தில், பதிலுக்கு ஒரு தட்டு.

நகம் இல்லாத விரலின் தட்டு.

வெயிலில் அவளுக்குக் குளிர்ந்தது. எவ்வளவு நேரம் நின்றாளோ, தெரியாது.

டக்.

கதவு திறந்து அவன் தரையில் விழுந்தான். அடுப்பைத் திறந்ததுபோல் அனல் அடித்தது. சட்டை உடம்போடு ஒட்டியிருந்தது.

"நிறுத்தவே விடல மேடம்," என்றான் கிசுகிசுப்பாக. "நிறுத்தப் போனா... இன்னும் முடியலன்னாங்க."

"யாரு?"

அவன் பின் இருக்கையைப் பார்க்காமலே அந்தப் பக்கம் கையைக் காட்டினான்.

அவள் மீட்டரைப் பார்த்தாள். முற்றத்தை விட்டு வெளியே போகாத வண்டியில் இருபது கிலோமீட்டர் கூடியிருந்தது. ஐந்து முறை, முறைக்கு நாலு. ஒன்று கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

அவள் கேட்கவே இல்லை. அவனாகவே தட்டுத் தடுமாறி உள்ளே போய் ஐந்து ஜாப் கார்டுகளிலும் பழைய வரியை அடித்தான். 'நான் ஓட்டிப் பார்க்கவில்லை. இன்று ஓட்டிப் பார்த்தேன். பழுது உண்டு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டான். கண்ணாடி அறையிலிருந்து வந்த மேனேஜர், "என்னய்யா எழுதற நீ?" என்று கேட்டபோதும் பேனா நிற்கவில்லை.

அவள் கார்டுகளை வாங்கிக்கொண்டு வண்டியில் ஏறினாள். இவ்வளவு நாள் நெஞ்சைக் கட்டியிருந்த முடிச்சு அவிழுமென்று காத்திருந்தாள். அவிழவில்லை. கேட்டது கிடைத்துவிட்டது. ஆனால் சிவப்பு விளக்கு இன்னும் எரிந்துகொண்டிருந்தது.

சாவியைத் திருப்பக் கை போனது.

டக்.

நான்கு கதவுகளும் ஒன்றாக. கைப்பையைத் தேடினாள். முன்னால் வைத்திருந்த பை முன்னால் இல்லை. போன் அதற்குள்தான் இருந்தது.

அவள் கைப்பிடியை இழுக்கவில்லை. கண்ணாடியைத் தட்டவில்லை. கார்டுகளை மடியில் வைத்துக்கொண்டாள். இவ்வளவு நாள் பார்க்காத கண்ணாடியை நிமிர்ந்து பார்த்தாள்.

"சொல்லுக்கா," என்றாள். "இப்ப கவுன்டர்ல யாரும் இல்ல. கேக்கிறேன்."

பின்னால் பிளாஸ்டிக் உறை சரசரத்தது. பெல்ட் ஒன்று நீளமாக இழுபட்டு, கொக்கியில் மாட்டிக்கொண்டது.

சிவப்பு விளக்கு அணைந்தது.

வண்டி நின்ற இடத்திலேயே நின்றது. மீட்டரின் கடைசி எண் மட்டும் மெல்ல நகரத் தொடங்கியது.