மணி கட்டிய பெட்டி

மழைக்கு ஒதுங்கலாம் என்று ஓடி வந்தவள், மாடிப்படிக்கு அடியில் ஓர் ஆள் மல்லாந்து கிடப்பதைப் பார்த்தாள்.

முப்பது வயதிருக்கலாம். மடிப்புக் கலையாத சட்டை... மூடிய கண்கள்... அசைவே இல்லை. யார் பெற்ற பிள்ளையோ! விளையாட்டு டீச்சருக்கு அதற்குமேல் யோசிக்கத் தோன்றவில்லை. கழுத்தில் தொங்கிய விசிலை முதுகுப்பக்கம் தள்ளிவிட்டு மண்டியிட்டாள். தோளைத் தட்டிக் கூப்பிட்டுப் பார்த்தாள். பதில் இல்லை.

"நீ போய் ஆம்புலன்ஸுக்குப் போன் பண்ணச் சொல்லு. நீ ஆபீஸ் ரூம்லேருந்து ஷாக் பெட்டியை எடுத்துட்டு வா, ஓடு," என்று பின்னால் வந்த இரண்டு மாணவிகளை விரட்டினாள்.

ஆபத்துக்குப் பாவமில்லை. நெஞ்சின் நடுவில் ஒரு கையை வைத்தாள். அதன்மேல் இன்னொரு கையைக் கோத்தாள். பலம் கொண்ட மட்டும் ஓர் அழுத்து.

"ஐயோ அம்மா..." என்றது பிணம்.

கண்கள் திறந்தன. அப்பப்பா, என்ன கண்கள்... வலியில் சுருங்கி, உடனே சிரிப்பில் விரிந்து, அவளை இவ்வளவு பக்கத்தில் பார்த்ததும் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் தவித்த கண்கள்.

"டீச்சர்... நான் உயிரோடதான் இருக்கேன். இப்படியே இருக்கணும்னா கையை எடுத்துடுங்க."

அவளுக்குக் கையை எடுக்கவே மறந்துபோயிருந்தது. நனைந்த கூந்தலிலிருந்து ஒரு சொட்டு அவன் நெற்றியில் விழுந்தது. சூடு பட்டதுபோல் எழுந்து நின்றாள். கோபம் வந்தது. அவளுக்கு அது எப்போதும் மூக்கு நுனியில்தான் குடியிருக்கும்.

"விளையாடறதுக்கு உங்களுக்கு வேற இடம் கிடைக்கலையா?"

அவன் விலாவைத் தடவிக்கொண்டே விளக்கினான். ஆம்புலன்ஸில் முதலுதவி செய்கிறவன். ஓய்வு நாட்களில் கல்வி அலுவலகம் அவனைப் பள்ளிகளுக்கு அனுப்புகிறது. யாருக்காவது திடீரென்று இதயம் நின்றுபோனால் பள்ளி என்ன செய்யும் என்று சோதித்துப் பார்க்கும் வேலை. பொம்மையைக் கிடத்தினால் ஒத்திகை என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும். அதனால் தானே விழுந்து கிடப்பான். விஷயம் தெரிந்தவர் கிளார்க் ஒருவர்தான். யாராவது நிஜமாகவே அழுத்த வந்தால் தடுப்பதற்காக அவரைத் தூணுக்குப் பின்னால் நிறுத்தியிருந்தான். அவரோ போன் வந்தது என்று அந்தப் பக்கம் போய்விட்டார்.

"நீங்க எல்லாம் சரியாத்தான் செஞ்சீங்க டீச்சர். மூச்சு இருக்கான்னு மட்டும் பாக்கல."

"மூச்சை அடக்கிட்டுக் கிடந்தா எப்படித் தெரியும்?"

"அடக்கலையே... தாராளமாத்தான் விட்டுட்டிருந்தேன்."

அவள் வாயைத் திறப்பதற்குள் பெட்டி எடுக்கப் போன மாணவி வெறுங்கையோடு திரும்பி வந்தாள். நின்ற இதயத்துக்கு மின்சார அதிர்ச்சி கொடுத்துத் துடிக்க வைக்கும் அந்தப் பெட்டி அலமாரிக்குள் இருக்கிறதாம். அலமாரி பூட்டியிருக்கிறதாம். சாவி தலைமையாசிரியையான பெரிய டீச்சரின் கைப்பையில் இருக்கிறதாம். பெரிய டீச்சர் கைப்பையோடு கூட்டத்துக்குப் போயிருக்கிறாராம்.

அவன் முகத்திலிருந்த சிரிப்பு அப்படியே மறைந்துவிட்டது.

பெரிய டீச்சர் திரும்பி வந்ததும் அவருடைய அறையிலேயே தீர்ப்பும் வந்தது. பள்ளி தேறவில்லை. இனி சனிக்கிழமைதோறும் அவன் வந்து பயிற்சி கொடுப்பான்; அதன்பிறகு இன்னொரு ஒத்திகை. தேறாத பள்ளியின் மைதானத்தில் பள்ளிகளுக்கிடையே நடக்கும் அடுத்த மாத ஓட்டப்பந்தயத்தை நடத்த முடியாது. வெளியூருக்குப் போட்டியை மாற்றினால் அவளுடைய பெண்களில் பாதிப் பேரை வீட்டில் அனுப்ப மாட்டார்கள். வெயில் மழை பாராமல் ஓடிப் பழகிய பெண்கள். அவள் அவன் பக்கம் திரும்பினாள்.

"பூட்டு செஞ்ச தப்புக்கு என் பிள்ளைங்களுக்குத் தண்டனையா சார்?"

"ஓடற பிள்ளைங்களுக்காகத்தான் சொல்றேன் டீச்சர். போன வருஷம் ஒரு மைதானத்துக்கு ஆம்புலன்ஸ்ல போனேன். அங்கேயும் பெட்டி இருந்துச்சு. புதுசு, உறைகூடப் பிரிக்கல. சாவி வச்சிருந்தவர் சாப்பிடப் போயிருந்தார்." அவன் கொஞ்சம் நிறுத்தினான். "அந்தப் பையனைப் பத்தி நான் வேற எதுவும் சொல்ல வேண்டாம்னு பாக்கறேன்."

பெரிய டீச்சர் தொண்டையைச் செருமினார்.

"வெளிய வச்சா பசங்க நோண்டுவாங்க தம்பி. முன்னாடி தீயணைக்கிற சிலிண்டரைத் திறந்து நடையெல்லாம் நுரையாக்கிட்டாங்க. மேலிடத்துல பேச்சு வாங்கினது நான்தான்."

"நுரையைத் துடைச்சிடலாம்மா," என்றான் அவன். அதோடு சரி. சரியான கல்லுளிமங்கன் என்று அவள் மனதுக்குள் பெயர் வைத்தாள்.

இதில் அவனுக்குத் தெரியாத விஷயம் ஒன்று உண்டு. பெரிய டீச்சர் அவளைப் பெற்ற அம்மா. பள்ளியில் இருவரும் 'டீச்சர்', 'மேடம்' என்று அளந்துதான் பேசிக்கொள்வார்கள். வீட்டுக்கு வந்தால் அந்த அளவெல்லாம் கிடையாது.

"அந்தாளுக்கு நானே போன் பண்ணிக் கேட்டேன்டி," என்றார் அம்மா, சாப்பாட்டு மேஜையில். "பார்த்து ஏதாவது செய்யக் கூடாதா தம்பின்னேன். மாட்டேன்னுட்டான்."

"நீ போய்க் கேட்டியா? எனக்கு மானமே போகுது."

"உன் பிள்ளைங்களுக்காகத்தானே கேட்டேன்."

"என் பிள்ளைங்களுக்காகன்னா சாவியைக் குடு."

"நீ யார் பக்கம் பேசறே?"

அதுதான் அவளுக்கும் விளங்கவில்லை. கோபப்பட வேண்டிய ஆள்மேல் கோபம் வரவில்லை. தலைமையாசிரியையே கேட்டும் வளைந்து கொடுக்காத ஆள்... நல்லவேளை வளையவில்லை என்று உள்ளுக்குள் ஒரு சந்தோஷம் வேறு. அந்தச் சந்தோஷத்துக்கு என்ன பெயர் என்று அவள் அன்றைக்கு யோசிக்க விரும்பவில்லை.

வழி சொன்னவள் அவள்தான். பூட்டு வேண்டாம், மணி இருக்கட்டும். கண்ணாடிக் கதவுள்ள கூடு ஒன்றை மாடிப்படிக்குப் பக்கத்துச் சுவரில் மாட்டி, ஷாக் பெட்டியை அதற்குள் வைத்து, திறந்தால் பள்ளிக்கூடமே அதிரும்படி அலறும் மணி ஒன்றை வைத்துவிட்டால் எந்தப் பையன் நோண்டுவான்? பூனைக்கு மணி கட்டுவது யார் என்று ஆசிரியர்கள் சிரித்தார்கள். சனிக்கிழமை பயிற்சி கொடுக்க வந்த கல்லுளிமங்கன் மட்டும் சிரிக்கவில்லை.

"நல்ல யோசனை. துளைபோடற மெஷின் இருக்கா?" என்றான்.

இருந்தது. அவள் கூட்டைத் தாங்கிப் பிடிக்க, அவன் திருகாணிகளை முடுக்கினான்.

"கொஞ்சம் மேல... இன்னும் கொஞ்சம்... போதும் டீச்சர்."

"விலா இன்னும் வலிக்குதா சார்?"

"சிரிச்சா வலிக்குது."

"அப்ப உங்களுக்குப் பிரச்சினையே இல்ல. நீங்கதான் சிரிக்கறதே இல்லையே."

சிரித்துவிட்டான். உடனே விலாவைப் பிடித்துக்கொண்டான். அவளுக்குப் பாவமாகவும் இருந்தது... பெருமையாகவும் இருந்தது. தன்னால்தானே சிரித்தான்.

அம்மா அரை மனதோடுதான் சம்மதித்தார். திங்கட்கிழமையே எட்டாம் வகுப்பு வாண்டு ஒன்று கதவைத் திறந்து பார்த்தது. மணி அலறிய அலறலில் வகுப்புகள் மொத்தமும் வெளியே வந்துவிட்டன. கையும் களவுமாகப் பிடிபட்ட வாண்டு அழுதது. அதற்குப் பிறகு அந்தப் பக்கம் யாரும் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. ஒரு வாரம் கழித்து அம்மா தாமே அலமாரிச் சாவியைக் கைப்பையிலிருந்து எடுத்து மேஜைமேல் போட்டார். இனி அதற்குள் வெறும் பழைய விடைத்தாள்கள்தான், யார் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளட்டும் என்றார்.

சனிக்கிழமைகள் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தன. யார் போன் செய்வது, யார் நெஞ்சை அழுத்துவது, யார் பெட்டியை எடுப்பது, யார் வாசலில் நின்று ஆம்புலன்ஸுக்கு வழி காட்டுவது... தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்கிற மாதிரி பழக்கியிருந்தான். அவளிடமும் கலகலப்பாகத்தான் பேசினான். ஒருநாள் ஓய்வறையில் யாரோ அவளை 'பெரிய டீச்சர் பொண்ணு' என்று சொன்னது அவன் காதில் விழுந்தது. அன்றிலிருந்து பேச்சு குறைந்துவிட்டது. கேட்டதற்குப் பதில், வேலை முடிந்ததும் கிளம்பிவிடுவான். தான் என்ன தப்பு செய்தோம் என்று அவளுக்குப் புரியவே இல்லை.

இரண்டாவது ஒத்திகையும் சொல்லாமல் கொள்ளாமல்தான் வந்தது. நூலக வாசலில் சரிந்து விழுந்தவர் ஒரு பெண்மணி. அவள் ஓடினாள். குனிந்து மூச்சைப் பார்த்தாள். தூணுக்குப் பின்னாலிருந்து கிளார்க் இந்தத் தடவை ஒழுங்காக வந்து அவள் கையைத் தடுத்தார். அதற்குள் மணி அலற, பெட்டியும் வந்து சேர்ந்தது. பள்ளி தேறியது. பந்தயம் நம் மைதானத்திலேயே என்று தெரிந்ததும் அவளுடைய பெண்கள் மழையில் குதித்து ஆடினார்கள்.

அவளுக்குத்தான் கண் கலங்கியது.

"எப்பவும் வர்றவர் ஏன் வரலக்கா?"

"உங்க ஸ்கூலைத் தன்னால பரிசோதிக்க முடியாதுன்னு எழுதிக் குடுத்துட்டான். ஏன்னு நான் கேட்டுக்கலம்மா," என்றார் புடவையிலிருந்த தூசியைத் தட்டியபடி அந்தப் பெண்மணி.

மறுநாள் மாலை, குடையைப் பிடித்துக்கொண்டு ஆம்புலன்ஸ் நிலையத்துக்குள் அவள் நுழைந்தபோது, அவன் வண்டிக்குள் ஆக்சிஜன் சிலிண்டரைச் சரிபார்த்துக்கொண்டிருந்தான். அவளைப் பார்த்ததும் கையிலிருந்த ஸ்பேனரை நழுவவிட்டான்.

"எங்க ஸ்கூல் மேல உங்களுக்கு என்ன கோபம் சார்?"

"கோபமா..." அவன் கீழே இறங்கினான். "தேறிடணும், தேறிடணும்னு வேண்டிக்கிட்டேதான் ஒவ்வொரு வாரமும் உங்க கேட்டைத் தாண்டுவேன். அப்படி வேண்டிக்கிறவன் பரீட்சை வைக்கலாமா டீச்சர்? அதுவும் நீங்க பெரிய டீச்சர் பொண்ணுன்னு வேற தெரிஞ்சுபோச்சு. நான் பாஸ் போட்டா, அந்தப் பொண்ணுக்காகப் போட்டான்னு பேசுவாங்க. அப்புறம் அந்தப் பெட்டியை யார் நம்புவா?"

"அந்தப் பொண்ணுக்காகன்னா... என்ன அர்த்தம்?"

மழை தகரக்கூரையில் கொட்டியது. கல்லுளிமங்கனின் காது சிவந்துபோயிருந்தது.

"உங்களை எனக்கு ரொம்பப் பிடிச்சுப்போச்சு. சொல்லக் கூடாதுன்னுதான் இருந்தேன். நேத்தோட பரிசோதனை முடிஞ்சிடுச்சு, இனி சொல்லலாம். ஆனா உங்கம்மா... அவங்க கேட்டதை நான் செய்யல. என்னைக் கண்டாலே ஆகாதே அவங்களுக்கு."

"இங்க வர்றதுக்கு வழி சொன்னதே அம்மாதான். 'மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு என் உயிரை எடுக்காதே, அந்தத் தம்பி ஏன் வரலன்னு நேர்ல போய்க் கேட்டுட்டு வா'ன்னு குடையையும் கையில குடுத்து அனுப்பினாங்க."

அவனால் நம்ப முடியவில்லை. அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. இனி எதற்குச் சுற்றி வளைக்க வேண்டும்...

"எனக்கும் உங்களைப் பிடிச்சிருக்கு. சனிக்கிழமை எப்ப வரும்னு உக்காந்துட்டிருக்கேன் நான்," என்றாள்.

அவன் ஒரு அடி எடுத்து வைத்தான். உள்ளே போன் மணி அடித்தது. டிரைவர் சட்டைப் பொத்தானைப் போட்டபடியே ஓடி வந்தார். எங்கேயோ, யாருக்கோ நெஞ்சுவலி. அவன் வண்டியைப் பார்த்தான், அவளைப் பார்த்தான்.

"போங்க," என்றாள் அவள். "நான் இங்கயேதான் இருப்பேன்."

வண்டி கூவிக்கொண்டு மழைக்குள் போனது. அவள் குடையை மடக்கிச் சுவரில் சாய்த்துவிட்டு, அவன் திரும்பி வரும்வரை அங்கிருந்த பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள்.