தளரும் பெல்ட்

அலாரம் வீறிட்டது.

படகு கரையை விட்டு அரைக் கிலோமீட்டர்கூட வந்திருக்கவில்லை. சூடு காட்டும் முள் சிவப்புக் கோட்டைத் தாண்டி நடுங்கிக்கொண்டிருந்தது. டிரைவரம்மா இன்ஜினை அணைத்தாள். அலாரம் ஓய்ந்தது. அவள் ஓயவில்லை.

"ஒரே வாரத்துல மூணாவது தடவை. பூ மாதிரி ஓடும்னு சொன்னானே அந்தப் பல் டாக்டர், எந்தப் பூ? கள்ளிப் பூவா?"

"கத்தாதே. பெல்ட்டாத்தான் இருக்கும்," என்றார் கண்டக்டர். அதற்குள் மண்டியிட்டுத் தரைப் பலகையைத் தூக்கியிருந்தார்.

இருவரும் கணவன் மனைவி. இருபத்திரண்டு வருடம் ஒரே பேருந்தில் ஓடியவர்கள். அவள் கையில் ஸ்டியரிங், அவர் தோளில் டிக்கெட் பை. வேலையை விட்ட கையோடு அவர் செய்த முதல் காரியம், அவளிடம் ஒரு வார்த்தை கேட்காமல் ஒரு பல் டாக்டரிடமிருந்து இந்தப் பழைய படகை வாங்கியதுதான். பின்னால் தொங்கும் மோட்டார் இல்லை இதற்கு. தரைக்குக் கீழே ஒரு குழி, குழிக்குள் டீசல் இன்ஜின். கையேட்டைப் பரீட்சைக்குப் படிப்பதுபோல் அவர் படித்தார். ஆயில் அளவு பார்ப்பது, வடிகட்டியில் தேங்கிய தண்ணீரை இறக்குவது எல்லாவற்றையும் அவளும் திட்டிக்கொண்டே கற்றுக்கொண்டாள்.

குழியிலிருந்து டீசலும் கருகிய ரப்பரும் சேர்ந்த நெடி எழுந்தது. அதற்கும் அடியில் இன்னொரு வாடை. மாதக்கணக்கில் மூட்டை கட்டி வைத்த ஈரத்துணியின் வாடை.

தண்ணீரை இழுத்து இன்ஜினைக் குளிர்விக்கும் பம்ப்பின் பெல்ட், தொளதொளவென்று தொங்கியது.

"நேத்துதான இறுக்கினீங்க?"

"ரெண்டு ஸ்பேனர் போட்டு இறுக்கினேன்."

"நீங்க இறுக்கின லட்சணம். செருப்பு வாரையே ஒழுங்கா மாட்டத் தெரியாது."

அவர் இன்னும் குனிந்தார். டார்ச் வெளிச்சம் ஒரு நட்டின் மேல் நின்றிருந்தது. அதிர்வில் தளர்ந்த நட்டு இல்லை அது. ஒரே சீராக நான்கு சுற்று கழற்றப்பட்டிருந்தது. அதன்மேல் புதிய கிரீஸ். கிரீஸில் விரல் தடங்கள்.

கண்டக்டரின் விரல்களைவிட மெலிந்தவை.

இன்னொரு படகு அவர்களைக் கட்டி இழுத்து வந்து துறையில் சேர்த்தது. துறை மெக்கானிக் கரையோரப் பலகை வரை வந்தார். அதற்கு மேல் ஒரு அடி வைக்கவில்லை.

"ஏறிப் பாருங்க," என்றாள் டிரைவரம்மா.

"வேண்டாம்மா. என்ன பண்ணணும்னு இங்கிருந்தே சொல்றேன்."

"ஏன், படகு கடிக்குமா?"

மெக்கானிக் சிரிக்கவில்லை. குரலைத் தாழ்த்தினார். "டாக்டர் உங்ககிட்ட சொல்லலையா? அவரோட மச்சான் இந்தக் குழிக்குள்ளதான் போனாரு. பெல்ட்டுக்குள்ள கை இருக்கறப்ப டாக்டர் இன்ஜினைப் போட்டுட்டாரு. தோள் வரைக்கும் இழுத்துருச்சு. ஆஸ்பத்திரி போய்ச் சேரல."

அவள் துறையில் நின்றபடியே டாக்டருக்குப் போன் போட்டாள்.

"ஒரு உயிரை வாங்கின படகை எங்க தலையில கட்டிட்டு, பூ மாதிரி ஓடும்னு வேற சொன்னீங்களா? மனுஷனாய்யா நீ?"



"அவன் போடச் சொன்னான்மா," என்றார் டாக்டர். "கையை எடுத்துட்டேன், போடுன்னான். அவன் குரல்தான். நான் என் காதால கேட்டேன்."

"செத்தவன் மேல பழியப் போடறியா?" என்று கேட்டு அவள் போனை வெட்டினாள்.

அன்று இரவு முழுக்க அவளுக்குக் கோபம் ஆறவில்லை. அதைவிட எரிச்சல், காலையில் கண்டக்டர் டாக்டருக்காகப் பரிந்து பேசியது. "பாவம், அந்த மனுஷன் எப்படித் தூங்குவான்? ஒருவேளை நிஜமாவே கேட்டிருக்கும்."

"அப்போ நான் திட்டினது தப்பா?"

"நான் அப்படியா சொன்னேன்?"

"இன்னைக்கு இந்த பெல்ட்டை முடிங்க. நாளைக்கு இந்தச் சனியனை அவன் வீட்டு வாசல்லயே கொண்டுபோய் நிறுத்தறேன்."

துறையில் மூடுபனி இறங்கியிருந்தது. பக்கத்துப் படகுகூடத் தெரியவில்லை. கண்டக்டர் புதிய பெல்ட்டும் புதிய லாக் நட்டுமாகக் குழிக்குள் இறங்கினார். டிரைவரம்மா ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்தாள். குழி அவள் முதுகுக்குப் பின்னால் இருந்தது.

அதில் அவளுக்கு ஒரு கஷ்டமும் இல்லை. இருபத்திரண்டு வருடமும் அப்படித்தான். படிக்கட்டில் யார் தொங்குகிறார்கள், யார் இறங்குகிறார்கள் என்று அவள் திரும்பிப் பார்த்ததில்லை. பின்னாலிருந்து "ரைட்" என்று அவர் குரல் வந்தால் வண்டி நகரும். "ஹோல்டான்" என்றால் நிற்கும். ஒரு பயணிக்கும் கீறல் விழுந்ததில்லை.

"ரைட்," என்றார் கீழேயிருந்து. சாவியைத் திருப்பினாள். இன்ஜின் இரண்டு நொடி ஓடியது.

"ஹோல்டான். இன்னும் கொஞ்சம் இறுக்கணும்."

அணைத்தாள். ஸ்பேனர் உரசும் சத்தம். மறுபடி "ரைட்". மறுபடி "ஹோல்டான்".

பிறகு சத்தமே இல்லை.

படகு லேசாக ஆடியது. அந்த ஈரத்துணி வாடை அவள் கழுத்துப் பக்கமாக வந்தது. அவள் மூக்கைச் சுளித்தாள். மனதுக்குள் இன்னும் டாக்டரோடுதான் சண்டை ஓடிக்கொண்டிருந்தது.

"ரைட்."

கை தானாகச் சாவிக்குப் போனது. அதே குரல். 'ரை'யை நீட்டி 'ட்'டை விழுங்கும் அதே இழுப்பு.

விரல்கள் சாவியைப் பிடித்தன.

"ரைட். ரைட்."

அவள் கை நின்றது.

கூட்டம் பிதுங்கிய நாளில்கூட அவர் இரண்டாம் தடவை 'ரைட்' கொடுத்தவர் இல்லை. ஒரு தடவைதான். அவள் நகர்த்துவாள் என்று அவருக்குத் தெரியும். இன்றைக்கு என்ன விரட்டல் இது? சொல்லாமல் படகை வாங்குவது, கண்டவனுக்குப் பரிந்து பேசுவது, இப்போது அதிகாரம் வேறு.

சாவியைப் பிடுங்கி இடுப்பில் செருகிக்கொண்டாள். எழுந்து குழியருகே போய் மளமளவென்று இறங்கினாள்.

"யாரை விரட்டறீங்க? நான் என்ன உங்க..."



கண்டக்டர் இன்ஜினுக்கும் சுவருக்கும் நடுவே ஒருக்களித்துக் கிடந்தார். வலது கை தோள் வரை உள்ளே. இன்ஜின் ஓடாமலே பெல்ட் மணிக்கட்டில் ஒரு சுற்றுச் சுற்றிக் கப்பியோடு இறுகியிருந்தது. இடது கை அவர் உடம்புக்கு அடியில் மாட்டிக்கொண்டிருந்தது.

வாயில் டார்ச்.

வெளிச்சத்துக்காகப் பல்லால் கவ்விய தடித்த டார்ச். துப்பித் தள்ளவும் இடமில்லாமல் அதன் மறுமுனை இன்ஜினில் முட்டி நின்றது. உதட்டோரம் எச்சில் வழிந்தது. கண்கள் பிதுங்க, வேண்டாம் வேண்டாம் என்று தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். தொண்டையில் முனகல் மட்டும்தான் வந்தது.

அவள் இடுப்பிலிருந்த சாவியை இறுகப் பற்றிக்கொண்டாள்.

கண்டக்டரின் பார்வை அவள் மேல் இல்லை. இன்ஜினுக்குப் பின்னால், வெளிச்சம் எட்டாத மூலையில் இருந்தது.

அங்கிருந்து, இருபத்திரண்டு வருடம் அவள் திரும்பிப் பார்க்காமல் நம்பிய அந்தக் குரல், கோபத்தோடு கேட்டது.

"ரைட் சொன்னேன்ல, டிரைவரம்மா? எதுக்குக் கீழ இறங்கி வந்தே?"