ஃபோல்டருக்குள் ஒரு கணினி

அன்று மழை பெய்ததா, வெறும் மேகமூட்டம்தானா? எனக்கு உறுதியில்லை. ஆனால் அம்மாவின் எம்பிராய்டரி கடை மூலையில் நூல் பிரித்துக்கொண்டிருந்த எனக்கு, தங்கை வாண்டு குதித்த குதி மட்டும் கண்ணிலேயே நிற்கிறது.

வாண்டுக்குப் பத்து வயது. மறுநாள் காலை அவள் அணிக்குப் பந்தாட்டம். பதினொரு சட்டைகளிலும் பருந்துச் சின்னம் தைத்தாக வேண்டும். ஆனால் படத்தைத் தையலாக மாற்றித் தரும் மென்பொருள் பழையது. கணினிக்குப் புது இயங்குதளம் போட்டதிலிருந்து அது வாயே திறக்கவில்லை.

"எல்லாத்தையும் அழிச்சிட்டு, பழைய இயங்குதளத்தையே போட்டுடலாம்," என்றான் அண்ணன். கல்லூரியில் கணினி படிப்பவன், அவசரத்துக்கென்றே பிறந்தவன்.

"அழிப்பியா? என் பத்து வருஷத்து டிசைன் அதுலதான் இருக்கு. கைய ஒடிச்சிடுவேன்!" என்றாள் அம்மா.

வாண்டு யோசித்தாள். "அண்ணா, பழசை ஒரு ஃபோல்டருக்குள்ள மட்டும் போட முடியாதா? வீட்டை இடிக்காம, உள்ளேயே ஒரு ரூம் கட்டுற மாதிரி?"

அண்ணன் வாயைப் பிளந்தான். "அடிப்பாவி! முடியும்டி! அந்த ரூமுக்குள்ள போயிட்டா, அதுதான் மொத்த வீடுன்னு மென்பொருள் நம்பிடும். அங்க எதை அழிச்சாலும் வெளியே ஒண்ணும் ஆகாது!"

அண்ணன் ஒரு ஃபோல்டருக்குள் புகுந்து, பழைய இயங்குதளத்தை இணையத்திலிருந்து இறக்கத் தொடங்கினான். கறுப்புத் திரையில் எழுத்துகள் மளமளவென்று கொட்டின. வாண்டு நகத்தைக் கடித்தாள். தொண்ணூறு விழுக்காட்டில் இணையம் அறுந்தது.

அண்ணன் ஏதேதோ தட்டி இணையத்தைச் சரிசெய்தான். "அரைவேக்காட்டை வெச்சு என்ன பண்றது? உள்ள இருக்கிறதை அழிச்சிட்டு முதல்லேர்ந்து போடுவோம்."

'எல்லாவற்றையும் அழி' என்ற கட்டளையைத் தட்டினான். விரல் என்டர் பொத்தானுக்குப் போனது.

"நில்லுண்ணா! நாம இப்ப உள்ள இருக்கோமா, வெளியேவா?"

"உள்ளதான். பார்த்தா தெரியல?"

"தெரியல. ரெண்டும் ஒரே கறுப்பாத்தானே இருக்கு!"

அவன் தட்டியதை அழித்துவிட்டு, 'என்ன இருக்கிறது, காட்டு' என்று கேட்டாள். ரோஜாக்கள், பட்டாம்பூச்சிகள், யானைக்குட்டிகள் என்று பெயர்கள் வரிசையாக வந்தன. எல்லாம் அம்மாவின் டிசைன்கள்! இணையத்தைச் சரிசெய்ய வெளியே வந்தவன், திரும்ப உள்ளே போக மறந்திருந்தான்.

அண்ணன் முகத்தில் ஈயாடவில்லை.

"என்ன, ரெண்டு பேரும் பேச்சு மூச்சையே காணோம்?" என்றாள் அம்மா, ஊசியில் நூல் கோத்தபடியே.

"இணையம் வந்துடுச்சும்மா!" என்றாள் வாண்டு.

அண்ணன் விசைப்பலகையை அவள் பக்கம் தள்ளினான். "நீயே தட்டு."

இந்த முறை உள்ளே போனதும் முதலில் சுற்றிப் பார்த்தாள். அப்புறம்தான் அழித்தாள். மீண்டும் எழுத்துகள் கொட்டின. நூறு! திரையில் பருந்து சிறகை விரித்தது. தையல் இயந்திரம் டகடகவென்று கிளம்பியது. வாண்டு குதித்தாள். அண்ணனும் குதித்தான்.

பதினொரு சட்டைகளும் தயாராயின. அணி ஒரு கோலில் தோற்றது. இப்போது அண்ணன் படிப்பை முடித்து வேலைக்குப் போகிறான். வாண்டு ஒன்பதாம் வகுப்பில் இருக்கிறாள். கடை நன்றாக நடக்கிறது. அந்த ஒரு நிமிடத்தைப் பற்றி அம்மாவுக்கு இன்றுவரை தெரியாது.