செயின் இல்லாத சாட்சி

“ஆஆஆ...!”

ஒரத்தநாடு ரைஸ்மில்லே அதிர்ந்தது!

நெல் குவியலுக்கு வெளியே ஒரு கால் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது. மில் முதலாளி துரைராசுவின் வலது கால்.

கால் அசைந்தது. மன்னிக்கவும், இந்தக் கதையில் பிணம் கிடையாது. எழுதுகிறவனின் ராசி அப்படி.

துரைராசுவை தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். மெஷினை ஓட்டிய ஆபரேட்டர் அன்சாரின் கையில் விலங்கு விழுந்தது.

இன்ஸ்பெக்டர் ஸ்ரீரஞ்சனி அன்சாரோடு மில் ஆபீசுக்குள் நுழைந்தார். அங்கே மெஷினை வரைந்த டிசைனர் வெங்கி, லேப்டாப்பும் கையுமாகக் கால்மேல் கால் போட்டிருந்தான். பத்து நிமிஷத்தில் அவன் துப்பறியும் நிபுணனாகியிருந்தான்.

“புது மெஷின். முதல் ஓட்டம். எலுமிச்சம்பழம் வைக்க முதலாளி மெஷின் குழியில இறங்கி, அங்கேயே நின்னு ‘போடு சுவிட்சை’ன்னிருக்கார்” என்றார் ஸ்ரீரஞ்சனி. “மெஷின் நெல்லை ட்ரையர் பக்கம் இழுக்கணும். திரும்பி ஓடி, அவர் தலையில கொட்டிடுச்சு. ஏன்?”

“ரெண்டு ஒயரை மாத்திக் குடுத்தா மோட்டார் திரும்பிச் சுத்தும் மேடம்! ஒயர் குடுத்தது யாரு? அன்சார்! நேத்து லீவு கேட்டு முதலாளிகிட்ட சண்டை போட்டது யாரு? அன்சார்!”

“அல்லா சத்தியமா இல்லீங்க! நாளன்னிக்கு எம்பொண்ணுக்கு நிக்காஹ். அதுக்குத்தான் லீவு கேட்டேன். படத்துல அம்புக்குறி காட்டுன பக்கந்தான் மோட்டாரைச் சுத்த விட்டேன்!” அன்சார் விலங்குக் கையோடு கும்பிட்டார்.

“படமே தப்பா இருந்தா?” ஸ்ரீரஞ்சனி வெங்கியைப் பார்த்தார்.

“நான் போட்ட படமா?” வெங்கி சிரித்தான். “சிமுலேஷனைப் பாருங்க!”

தட்டினான். திரையில் மோட்டாரின் பல்சக்கரம் இடது பக்கம் சுற்றியது. மெஷினின் பல்சக்கரம் வலது பக்கம் சுற்றியது. நெல் சமர்த்தாக ட்ரையருக்குப் போயிற்று.

“அப்போ நீங்கதான். ஜீப்புல ஏறுங்க அன்சார்.”

அன்சார் நகரவில்லை. திரையையே பார்த்தார்.

“தம்பி... ரெண்டு சக்கரத்தையும் சேர்க்கிற செயின் எங்கே?”

“நூத்தி நாப்பது கண்ணி பாய்! அத்தனையும் போட்டா லேப்டாப் தொங்கிடும். அதான் ரெண்டு சக்கரத்தையும் கியர் மாதிரி சேர்த்துவிட்டேன்.”

“சைக்கிள்ல செயின்தானே இருக்கு? பெடலை முன்னாடி மிதிச்சா... பின்சக்கரம் பின்னாடியா சுத்துது?”

வெங்கி சிமுலேஷனை நிறுத்தினான்.

பல்லோடு பல் கோத்த கியர்தான் எதிரெதிராகச் சுற்றும். செயின் மாட்டினால் இரண்டும் ஒரே பக்கம்! அந்தத் திரையைப் பார்த்துத்தான் அம்புக்குறியைப் போட்டிருந்தான்... தலைகீழாக! நாலு வருஷ இன்ஜினீயரிங்கை ஒரு சைக்கிள் ஏறி மிதித்துவிட்டுப் போய்விட்டது.

“மேடம்... ஆளைக் கண்டுபிடிச்சிட்டேன்.”

“யாரு?”

“அவனோட ஆதார் கார்டு... என் பர்ஸ்லதான் இருக்கு.”

விலங்கு கழன்றது. அன்சார் அழுதே விட்டார்.

“அழாதீங்க பாய். துரைராசு கண் முழிச்சிட்டாராம். போய் நிக்காஹ் வேலையைப் பாருங்க” என்ற ஸ்ரீரஞ்சனி, வெங்கி பக்கம் திரும்பினார்.

“மேடம்... ஜீப்புலயா?”

“தைரியமா ஏறுங்க சார். இதை நீங்க டிசைன் பண்ணலை!”